640 கோடி எழுத்து, எட்டு மணி நேரம்

'இந்த முறை டி.என்.ஏ. பற்றி மட்டும் கேளுங்கள்' என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்து வாசகர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டேன். காரணம் உண்டு. இந்த அறிவியலின் ஒரு பெரிய சங்கதி அவர்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற சாலையோரத்தில் நடந்தது. அது கீழே வருகிறது.

கேள்வி: டி.என்.ஏ. தன்னைத் தானே நகலெடுத்துக்கொள்ளும் என்று மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. உயிரில்லாத மூலக்கூறு எப்படித் தானாக நகலெடுக்கும்?
(வாசகி, கச்சேரி சாலை, மயிலாப்பூர்)

எடுக்காது. டி.என்.ஏ.வை மட்டும் சோதனைக் குழாயில் போட்டு வைத்தால் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். நகலெடுப்பவை நொதிகள். அவற்றில் முக்கியமானது டி.என்.ஏ. பாலிமரேஸ். அதை ஆர்தர் கோர்ன்பெர்க் 1956-ல் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்தார், 1959-ல் நோபல் வாங்கினார்.

ஆனால் எதைப் பார்த்து நகலெடுப்பது என்ற விவரம் டி.என்.ஏ.வின் உடம்பிலேயே இருக்கிறது. இரண்டு இழைகள். ஓர் இழையில் அடினைன் இருந்தால் எதிர் இழையில் தைமின்தான் இருக்கும். குவானைனுக்கு எதிரே சைட்டோசின்தான். இந்த ஜோடி மாறாது. (இந்த நான்கையும்தான் ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்தாகச் சொல்கிறோம்.) எனவே இரண்டையும் பிரித்துவிட்டால், ஒவ்வோர் இழையும் தன் எதிரே என்ன வரவேண்டும் என்பதைச் சொல்லிவிடும். நொதி அதன்படி ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே போகும். 1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில் இந்த இரட்டைச் சுருளை முன்வைத்து வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட சின்னஞ்சிறு கட்டுரை இந்த வாய்ப்பை ஒரே வாக்கியத்தில் கோடிகாட்டியது. அந்த நொதிகளைச் செய்யும் விவரமும் அதே டி.என்.ஏ.வுக்குள்தான் இருக்கிறது என்பதை மகளிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: 'புதிய டி.என்.ஏ.வில் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது' என்று எழுதினால் மார்க் கிடைத்துவிடும். ஆனால் இதை யார், எப்படிப் பார்த்தார்கள் ஐயா?
(ப்ளஸ் டூ மாணவர், மந்தைவெளி)

மார்க்கோடு நிற்காமல் கேட்டாயே தம்பி, அதற்கே பாராட்டு. பார்த்தவர்கள் மேத்யூ மெசல்சன், ஃபிராங்க்ளின் ஸ்டால். ஆண்டு 1958. இருவரும் முப்பதைத் தொடாத இளைஞர்கள்.

டி.என்.ஏ.வில் நைட்ரஜன் உண்டு. சாதாரண நைட்ரஜனின் எடை 14. எடை 15 உள்ள கனமான வகையும் இருக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன் மட்டும் உள்ள ஊட்டத்தில் பல தலைமுறை வளர்த்தார்கள். அதன் டி.என்.ஏ. முழுக்கக் கனமாகிவிட்டது. பிறகு சட்டென்று சாதாரண ஊட்டத்துக்கு மாற்றினார்கள். இனி புதிதாகச் செய்யப்படும் இழை எல்லாம் லேசாக இருக்கும். ஒரு தலைமுறை கழிந்ததும் டி.என்.ஏ.வை எடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினார்கள். கனமானது கீழே இறங்கும், லேசானது மேலே நிற்கும்.

கிடைத்தது ஒரே ஒரு பட்டை, கனத்துக்கும் லேசுக்கும் சரியாக நடுவில். பழைய டி.என்.ஏ. அப்படியே இருந்து புதியது தனியாக உருவாகியிருந்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பட்டை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாம் தலைமுறையில் பாதி நடுவில், பாதி மேலே. பழைய இழைகள் உடையாமல் ஆளுக்கொன்றாகப் பிரிந்து போயின என்பது அதோடு உறுதியானது. பரீட்சையில் இடம் இருந்தால் அந்த இரண்டாம் தலைமுறை முடிவையும் எழுது. முதல் தலைமுறை முடிவு மட்டும் போதாது: பழைய இழை துண்டு துண்டாகி இரண்டிலும் கலந்திருந்தாலும் நடுப்பட்டைதான் வந்திருக்கும். அந்த வழியை அடைத்தது இரண்டாம் தலைமுறைதான்.

கேள்வி: ஒரு செல் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?
(வாசகர், லஸ் முனை)

மனித செல்லில் சுமார் எட்டு மணி நேரம். தாய் வழி, தந்தை வழி இரண்டு தொகுதியும் சேர்த்து 640 கோடி எழுத்து. நீட்டி வைத்தால் இரண்டு மீட்டர். நம் நொதி நொடிக்குச் சுமார் 50 எழுத்து சேர்க்கும். நம் குரோமோசோம்களில் பெரியது 1-ஆம் எண், கிட்டத்தட்ட 25 கோடி எழுத்து. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு ஒரே நொதி போனால் 57 நாளுக்கு மேல் ஆகும். அதனால் செல் ஒரே நேரத்தில் பல்லாயிரம் இடங்களில் வேலையைத் தொடங்கி, இருபுறமும் நகர்த்தி, கடைசியில் எல்லாவற்றையும் இணைத்துவிடுகிறது.

கேள்வி: பிழையே வராதா?
(அதே வாசகர்)

வரும். நொதி லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறான எழுத்தைச் சேர்க்கிறது. சேர்த்த உடனே ஜோடி பொருந்தவில்லை என்று உணர்ந்து, ஓர் அடி பின்வாங்கி, அதை வெட்டி எறிந்துவிட்டுச் சரியானதைப் போடுகிறது. இதில் பிழை கோடிக்கு ஒன்றாகக் குறையும். அதையும் தப்பியவற்றைப் பின்னாலேயே வரும் வேறு புரதங்கள் தேடித் திருத்துகின்றன. முடிவில் நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை, அதற்கும் குறைவு. டி.என்.ஏ. பழுதுபார்ப்பு முறைகளை விளக்கிய தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசீஸ் சாஞ்சார் மூவருக்கும் 2015-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்படியும் ஒவ்வொரு குழந்தையும் தாய் தந்தை இருவரிடமும் இல்லாத 60, 70 புதிய எழுத்து மாற்றங்களோடுதான் பிறக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை.

கேள்வி: இரண்டு இழையும் ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. நடுவில் பிரித்தால் சிக்காகாதா?
(வாசகர், உஸ்மான் சாலை, தி.நகர்)

ஆகும். இரட்டைப் பிரி நார்க்கயிறு ஒன்றை எடுத்து, இரு முனையையும் இருவரை இறுகப் பிடிக்கச் சொல்லி, நடுவில் இரண்டு பிரியையும் விரலால் விலக்கிப் பாருங்கள். விலக்கிய இடத்துக்கு இருபுறமும் முறுக்கு ஏறும்; இன்னும் விலக்கினால் கயிறு சுருண்டு முடிச்சாகும். டி.என்.ஏ.வில் பத்தரை எழுத்துக்கு ஒரு முறுக்கு. அதாவது ஒரு செல்லில் சுமார் 60 கோடி முறுக்கு. அத்தனையும் எட்டு மணி நேரத்தில் பிரிந்தாக வேண்டும்.

உங்களுக்கு வந்த சந்தேகம் பெரிய விஞ்ஞானிகளுக்கும் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனிடம் ஆய்வு செய்து, பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனவர் வி.சசிசேகரன். 1976-ல் அவர் குழு, டி.என்.ஏ. சுற்றிச் சுற்றி முறுக்கியிருக்க வேண்டிய அவசியமில்லை, சிறிது தூரம் வலப்புறமும் சிறிது தூரம் இடப்புறமும் திரும்பிப் பக்கம் பக்கமாக ஓடலாம் என்று ஒரு மாற்று அமைப்பை முன்வைத்தது. அதே ஆண்டு நியூசிலாந்தில் ராட்லி குழுவும் ஏறக்குறைய இதையே சொன்னது. இப்படி இருந்தால் நிகர முறுக்கே இல்லை, பிரிப்பதும் சுலபம்.

1979-ல் கிரிக்கே இறங்கி வந்து, ஜேம்ஸ் வாங், வில்லியம் பாவர் இருவரோடு சேர்ந்து பதில் எழுதினார். டி.என்.ஏ. முறுக்கித்தான் இருக்கிறது என்று சோதனைகள் காட்டின. முறுக்கை அவிழ்க்கத் தனி நொதிகள் இருக்கின்றன. டோபோஐசோமரேஸ் என்று பெயர். வாங் 1971-லேயே அதில் முதலாவதைக் கண்டுபிடித்திருந்தார். அது இழையை வெட்டும், முறுக்கைத் தளரவிடும், வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டும். சசிசேகரன் குழுவின் அமைப்பு நிற்கவில்லை. கேள்வி முதல்தரமானது, அதைத் துணிந்து கேட்டவரை நான் மதிக்கிறேன்.

இன்னொன்று. குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இரினோடெகான் என்ற மருந்து, இந்த நொதி வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டவிடாமல் தடுக்கிறது. நகலெடுக்க ஓடிவரும் புற்றுச்செல் அங்கே இடறி அழிகிறது. அந்த மருந்துக்கு மூலமான கேம்ப்டோதெசின், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்டிஸ் என்ற மரத்திலும் கிடைக்கிறது.

கேள்வி: நான்கே எழுத்தை வைத்துக்கொண்டு இருபது அமினோ அமிலத்தை எப்படிக் குறிப்பது? இதைக் கண்டுபிடித்ததில் இந்தியர் பங்கு உண்டா?
(வாசகி, பாண்டி பஜார்)

மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் முடியும். நான்கு எழுத்தில் மூன்றெழுத்துச் சேர்க்கை 64. அதில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும். மூன்று, 'இங்கே நிறுத்து' என்று சொல்லும்.

இந்தியர் பங்கு நிறையவே உண்டு. ஹர் கோவிந்த் குரானா, பிரிக்கப்படாத பஞ்சாபில் ராய்ப்பூர் என்ற கிராமத்தில் 1922-ல் பிறந்தவர். அமெரிக்காவில் நிரன்பர்க்கும் மத்தேயும் 1961-ல் முதல் சொல்லைப் படித்துவிட்டார்கள்: ஆர்.என்.ஏ.வில் யு-யு-யு என்று வந்தால் பினைல்அலனின். (ஆர்.என்.ஏ.வில் டி-க்குப் பதில் யு.) மீதியைப் படிக்க, என்ன எழுதியிருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஆர்.என்.ஏ. வேண்டியிருந்தது. அதைக் கையால் கட்டியவர் குரானா. விஸ்கான்சினில் அவர் ஆய்வகம் யு-சி-யு-சி என்று மாறி மாறி வரும் நீண்ட இழையைச் செய்து செல் சாற்றில் விட்டது. செரின், லூசின், செரின், லூசின் என்று மாறி மாறிப் புரதம் வந்தது. மூன்று எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் வரும். யு-சி-யு, பிறகு சி-யு-சி. 1966-க்குள் 64 சொல்லும் படித்தாயிற்று. 1968-ல் நிரன்பர்க், ஹாலி, குரானா மூவருக்கும் நோபல்.

கேள்வி: அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் 'ட்ரிபிள் ஹீலிக்ஸ்' என்று ஓர் அரங்கம் இருக்கிறது. டி.என்.ஏ. இரட்டைச் சுருள்தானே? பெயர் தவறா?
(ஓய்வுபெற்ற பொறியாளர், காந்தி நகர், அடையாறு)

தவறில்லை. அது சென்னையில் கண்டறியப்பட்ட சுருள்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார், புதிய இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்கும்படி சி.வி.ராமனைக் கேட்டார். ராமன் மறுத்து, தன் மாணவர் ஜி.என்.ராமச்சந்திரனை அனுப்பச் சொன்னார். ராமச்சந்திரனுக்கு வயது முப்பதை ஒட்டி. எதை ஆராய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சென்னைக்கு வந்த ஜே.டி.பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் என்றால் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தரும் புரதம். தோல் ஆராய்ச்சி நிலையமோ பக்கத்திலேயே. கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிர்ப் படங்கள் நன்றாக விழுந்தன. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் முதல் அமைப்பை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய சுருள் என்று நிலைநாட்டினார்கள். வாட்சன்-கிரிக் கட்டுரை வந்து அப்போது இரண்டரை வருடம் ஆகவில்லை.

அந்தக் கட்டமைப்பில் ஒரு விதி உண்டு. மூன்று இழையும் நெருங்கும் நடுப்பகுதியில் இடமே கிடையாது. அங்கே வரும் அமினோ அமிலம் இருப்பதிலேயே சிறியதாக இருந்தாக வேண்டும். சிறியது கிளைசின், அதன் பக்கச் சங்கிலி ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. அதனால் கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடமும் கிளைசின்.

இப்போது டி.என்.ஏ.வுக்கு வாருங்கள். கிளைசினைக் குறிக்கும் சொற்கள் நான்கு: ஜி-ஜி-டி, ஜி-ஜி-சி, ஜி-ஜி-ஏ, ஜி-ஜி-ஜி. நகலெடுக்கும்போது மூன்றாவது எழுத்தில் பிழை வந்தால் கவலையே இல்லை. எது வந்தாலும் கிளைசின்தான். ஆனால் கொலாஜன் மரபணுவில் ஜி-ஜி-சி என்ற சொல்லில் முதல் எழுத்து ஏ ஆகிவிட்டால் செரின். டி ஆகிவிட்டால் சிஸ்டீன். இரண்டாவது எழுத்து ஏ ஆனால் அஸ்பார்டிக் அமிலம். இவை எல்லாமே கிளைசினைவிடப் பெரியவை. நடுவில் இடமில்லாத இடத்தில் போய் உட்காரும். சுருள் அங்கே சரியாக முறுகாது. பிறக்கிற குழந்தையின் எலும்பு தூக்கி எடுத்தாலே முறியும். கண்ணின் வெள்ளை விழியில் நீலம் பாரிக்கும். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று மருத்துவர்கள் சொல்லும் எலும்பு நொறுங்கும் நோயில் பலருக்குக் காரணம் இந்த ஓர் எழுத்துதான்.

640 கோடியில் ஒன்று எப்படி ஒரு குழந்தையின் எலும்பை முறிக்கிறது என்பதற்கு விளக்கம், நீங்கள் பஸ்ஸில் கடந்து போகும் சர்தார் படேல் சாலையை ஒட்டி, அந்த இயற்பியல் துறையில் 1950-களில் போடப்பட்ட அந்த மூன்றிழைச் சுருளில் இருக்கிறது. அரங்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. இந்த நோயோடு குழந்தை பிறந்த வீடுகளுக்கு ஒரு வார்த்தை: கடுமையான வகைகளில் பெரும்பாலும் அது புதிதாக நேர்ந்த பிழை. தாயின் ரத்தம், தந்தையின் வம்சம் என்று யாரையும் பழி சொல்ல அதில் இடமே கிடையாது.

கேள்வி: ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்காதது அநீதியா?
(அதே வாசகர்)

என் கருத்தில் ஆம். கொலாஜன் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக ரிச்சும் கிரிக்கும் குறை சொன்னார்கள். எவ்வளவு நெருக்கம் ஆகும், எவ்வளவு ஆகாது என்று ராமச்சந்திரன் அடிப்படையிலிருந்து கணக்குப் போட்டார். சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் இருவரோடு சேர்ந்து 1963-ல் வெளியிட்ட அந்தக் கணக்குதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். அவர் 2001-ல் சென்னையில் காலமானார்.

கேள்வி: சிதம்பரத்துக்காரர் வெங்கி ராமகிருஷ்ணன் செய்தது என்ன? ஒரே வரியில்.
(வாசகர், ராஜா அண்ணாமலைபுரம்)

மூன்றெழுத்துச் சொல்லைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோமின் சிறிய பாதி, சரியான சொல்லைத் தவறானதிலிருந்து எப்படிப் பிரித்தறிகிறது என்பதை அணு அணுவாகக் காட்டினார், 2009-ல் நோபல்.

கேள்வி: ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்கக் கூடாது என்கிறார்கள் வீட்டில். மாமா பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்வதும் அவர்களே. டி.என்.ஏ. என்ன சொல்கிறது?
(இளைஞர், மேற்கு மாம்பலம்)

டி.என்.ஏ. கோத்திரத்தைப் பார்ப்பதில்லை, எத்தனை தலைமுறைக்கு முன் பொதுவான மூதாதை என்பதைத்தான் பார்க்கும். கோத்திரம் அப்பா வழியில் வருகிறது. அப்பா வழியில் மட்டும் வருவது ஒய் குரோமோசோம். அது பெண்ணுக்கே கிடையாது. இருபது தலைமுறைக்கு முன் பிரிந்த ஒரே கோத்திரத்து இருவர் மரபளவில் அந்நியர்களுக்குச் சமம்.

மாமா பெண் கதை வேறு. உங்கள் தாத்தா பாட்டிதான் அவளுக்கும் தாத்தா பாட்டி. உங்கள் இருவருக்கும் டி.என்.ஏ.வில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. தாத்தாவிடம் ஒரு மரபணுவில் பிழை இருந்து, ஒற்றையாக இருந்ததால் அவருக்கு ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். அதன் நகல் உங்களிடமும் அவளிடமும் வந்திருந்தால், குழந்தைக்கு இரண்டு நகலும் பிழையாக அமைய நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத் தாய்மாமனையே கட்டினால் பொதுப் பங்கு நாலில் ஒன்று, ஆபத்தும் கூடுதல். சொந்தத்தில் கட்டியவர்களுக்கெல்லாம் குறையுள்ள குழந்தை பிறக்கும் என்று இதற்குப் பொருளில்லை. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் காது கேளாமை, ரத்தக் கோளாறு, காரணம் தெரியாத சிசு மரணம் எதுவும் இருந்திருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஜாதகம் பார்க்க ஆகிற நேரம்தான் ஆகும்.

கேள்வி: கடற்கரைச் சாலையில் தடய அறிவியல் துறைக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்: ஒரு துளி ரத்தத்தில் ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இரட்டையரில் ஒருவர் குற்றவாளி என்றால்?
(வாசகி, சாந்தோம்)

மயிலாப்பூர் எல்லையில் இருக்கும் அந்தத் துறையின் வேர் 1849-ல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம். விஷம் கண்டுபிடிப்பதில் தொடங்கிய வேலை இன்று டி.என்.ஏ.வுக்கு வந்திருக்கிறது.

துளி ரத்தத்தில் டி.என்.ஏ. கொஞ்சம்தான் இருக்கும். தேவையான துண்டுகளை மட்டும் பி.சி.ஆர். கருவியில் பெருக்குவார்கள். சூடாக்கினால் இழைகள் பிரியும், ஆறவைத்தால் தொடக்கத் துண்டுகள் ஒட்டும், நொதி மீதியை நகலெடுக்கும். ஒரு சுற்றில் இரண்டு மடங்கு. 30 சுற்றில் நூறு கோடி மடங்கைத் தாண்டும். 1983-ல் கேரி முல்லிஸ் இதை உருவாக்கினார். குரானாவின் ஆய்வகம் 1971-லேயே இதன் அடிப்படையை எழுதியிருந்தது.

எந்தத் துண்டு? டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஏ-ஜி-ஏ-டி போன்ற நாலெழுத்துத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும். அந்த இடங்களில் நகலெடுக்கும் நொதி வழுக்கி, ஒன்று கூட்டியோ குறைத்தோ விடும். தலைமுறை தலைமுறையாக இப்படி வழுக்கியதால் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. உங்களுக்கு அப்பாவிடமிருந்து 11, அம்மாவிடமிருந்து 14 வந்திருக்கலாம். இப்படிச் சுமார் 20 இடங்களை எண்ணினால், அத்தனையும் பொருந்தும் வேறொருவர் கிடைப்பது அநேகமாக நடக்காது.

ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு மட்டும் இந்தச் சோதனை கைகொடுக்காது. அங்கே கைரேகை உதவும். கருப்பையில் விரல் வளரும் சூழலும் ரேகையை வரைவதால் அது இருவருக்கும் வேறு.

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். எனக்கும் கட்டாயம் வருமா?
(வாசகி, பெசன்ட் நகர்)

கட்டாயம் இல்லை. புற்றுநோய் என்பது வாழ்நாளில் செல்கள் நகலெடுக்கும்போதும், புகை, கதிர்வீச்சு போன்றவை தாக்கும்போதும் சேரும் பிழைகளால் வருவது. அதில் சிறு பகுதிதான் பரம்பரை. அந்தப் பரம்பரை வகையில் வருவதும் நோயல்ல, பழுதுபார்க்கும் மரபணுவில் ஒரு குறை. பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்ற மரபணுக்கள் இரண்டு இழையும் அறுந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்பவை. அதில் ஒரு நகல் பழுதாகப் பிறந்தவருக்கு ஆபத்து கூடுதல்; அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் வந்ததா, சித்தி, பெரியம்மா, பாட்டி யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்ததா என்று எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உங்கள் பகுதியிலேயே, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே பணியாற்றிய டாக்டர் சாந்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது, சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் என்பதைத்தான். பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: தியசாபிகல் சொசைட்டி ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயல் காற்றில் சாய்ந்துவிட்டது. இப்போது இருப்பது அதே மரமா?
(காலை நடைப்பயிற்சி நண்பர்கள், அடையாறு)

டி.என்.ஏ. கணக்கில் அதே மரம். விழுதுகள் விதையிலிருந்து வந்தவை அல்ல. தாய்மரத்துச் செல் பிரிந்து பிரிந்து வந்தவை. பல நூறு வருடத்தில் நகல் பிழைகள் சேர்ந்திருக்குமே என்று கேட்பீர்கள். சுவிட்சர்லாந்தில் 234 வயது ஓக் மரம் ஒன்றின் இரு கிளைகளை 2017-ல் ஒப்பிட்டார்கள். அவற்றுக்கிடையே உறுதியாகக் கண்டது 17 எழுத்து வித்தியாசம். மரங்கள் தங்கள் பிரதியை அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கின்றன.

கேள்வி: தரமணி எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அலையாத்தி மரபணுவை நெல்லில் வைத்தார்களாமே. மரத்தின் மொழி நெல்லுக்கு எப்படிப் புரியும்?
(வாசகர், திருவான்மியூர்)

இரண்டும் ஒரே குறியீட்டைத்தான் படிக்கின்றன. உப்புநீரில் நிற்கும் அவிசென்னியா மரினா என்ற அலையாத்தி மரத்திலிருந்து, உப்பைத் தாங்க உதவும் மரபணுக்களை அஜய் பரிடா குழு பிரித்தெடுத்து நெல்லில் சேர்த்தது. ஜி-ஜி-சி என்றால் மரத்திலும் கிளைசின், நெல்லிலும் கிளைசின், பாக்டீரியாவிலும் கிளைசின். அதனால்தான் மனித இன்சுலின் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்து, 1982 முதல் மருந்துக்கடையில் மனித இன்சுலின் கிடைக்கிறது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலின் பாட்டில் அதற்குச் சாட்சி. விதிவிலக்கு நம் உடம்புக்குள்ளேயே உண்டு. யு-ஜி-ஏ என்றால் வழக்கமாக 'நிறுத்து'. நம் செல்லிலுள்ள மைட்டோகாண்ட்ரியா மட்டும் அதை ட்ரிப்டோஃபன் என்று படிக்கும்.

கேள்வி: டி.என்.ஏ.வைக் கண்ணால் பார்க்க முடியுமா?
(ஏழாம் வகுப்பு மாணவி, மயிலாப்பூர்)

முடியும் கண்ணு, வீட்டிலேயே. அம்மா அல்லது அப்பாவைக் கூட வைத்துக்கொள். நன்றாகக் கனிந்த பூவன் பழம் பாதியை எடுத்து, கட்டி இல்லாமல் மசி. அரை டம்ளர் தண்ணீரில் கால் ஸ்பூன் உப்பும் இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விடும் நுரைக்காமல் கலந்து, அதில் பழத்தைப் போட்டு மெதுவாகப் பத்து நிமிடம் கிளறு. லிக்விட், செல்லின் சவ்வைக் கரைத்து டி.என்.ஏ.வை வெளியே விடும். வெள்ளைத் துணியில் வடிகட்டி ஒரு கண்ணாடி டம்ளரில் எடு. மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டை நன்றாக மூடிக் குளிர வைத்து, டம்ளரைச் சாய்த்து ஓரமாக மெல்ல ஊற்று. அடுப்புப் பக்கம் போகாதே, ஸ்பிரிட் தீப்பிடிக்கும். இரண்டு திரவமும் சேரும் கோட்டில் வெண்மையாக, வழவழவென்று நூல் நூலாக மேலே எழும்பும். அதுதான். குச்சியால் சுற்றி எடுக்கலாம். பூவன் பழத்தில் குரோமோசோம் மூன்று தொகுதி. அதனால் ஒவ்வொரு செல்லிலும் நம்மைப் போல இரண்டு பிரதிக்குப் பதில் மூன்று.

ஆசிரியர்களுக்கும் இதையே சொல்கிறேன். படம் வரைந்து காட்டுவதோடு விடாமல், ஒரு வகுப்பு நேரத்தை இதற்குக் கொடுங்கள். குச்சியில் அந்த நூல் சுற்றிக்கொண்டு வந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ் அவர்களுக்கு.